சீதாலெட்சுமி ஒட்டிய கவச வண்டி

பிரிக்பீல்ட்ஸில் துணிக்கடை ஒன்றின் மாடியில் பல் செட் செய்யும் பட்டறை இருந்தது. கல்யாணமாகிக் கிள்ளானிலிருந்து வந்த புதிதில் சீதாலெட்சுமி அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். மகள் வளர்ந்து பினாங்குக்கு ஆசிரியர் பயிற்சிக்குப் போன பிறகும் அதே ஜன்னலோர மேசைதான் அவளுக்கு. பல் டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சில் மெழுகு வைத்து, அதில் ஒவ்வொரு பல்லாக நட்டு, சிரித்தால் சொந்தப் பல் மாதிரியே தெரியும்படி சாய்த்து நிமிர்த்தி வைப்பது அவள் வேலை. முன்பல் வரிசை என்றால் முதலாளியம்மா மிஸஸ் லிம் வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார்.

எண்பத்து மூன்றாம் வருஷம், தைப்பூசம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து, ஒரு காலை வேளையில் அவள் ட்வீசரில் பிடித்திருந்த பல் நழுவி மேசையில் விழுந்தது. எடுத்தாள். திரும்பவும் நழுவியது. கையைப் பார்த்தாள். விரல்கள் மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தன, கொதி வருவதற்கு முன்னால் பாத்திரத்துத் தண்ணீர் அதிருமே, அந்த மாதிரி. அவள் கையை மடித்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் நோட்டம் விட்டாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

கை நடுக்கம் அவளுக்குத் தெரியாத விஷயமல்ல. அம்மா நல்லம்மாளுக்கு ஐம்பது வயதுக்கு முன்பே அது வந்துவிட்டது. முதலில் ஒரு கை, பிறகு இரண்டு கை, பிறகு தலை. கடைசிக் காலத்தில் கிள்ளான் வீட்டில் அம்மாவைச் சுவரோரம் சாய்த்து உட்காரவைத்துக் கஞ்சி ஊட்டியது சீதாலெட்சுமிதான். வாயோரம் வழிவதைத் துடைக்கும்போது அம்மா கண்ணை மூடிக்கொள்வாள். பெற்ற மகள் முகத்தைப் பார்க்கக் கூச்சம். அந்த நாளையெல்லாம் சீதாலெட்சுமி யாரிடமும் பேசியதில்லை. கட்டின புருஷனிடம்கூட.

ஆகையால் இதையும் அவள் சொல்லவில்லை. காப்பியை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கப் பழகினாள். வீட்டில் குழம்பு பரிமாறுவதை நிறுத்திவிட்டு, சட்டியை மேசை நடுவில் வைத்து, வேண்டியதை ஊற்றிக்கொள்ளச் சொன்னாள். உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. நல்ல பசி இருந்தும் இளைத்தது. மற்றவர்களுக்குக் குளிரும் ஏர்கண்டிஷன் அறையில் அவளுக்கு மட்டும் வேர்த்துக் கொட்டியது. ராத்திரித் தூக்கம் சரியில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் மனக்கவலை என்று அவளே தீர்ப்பு எழுதிக்கொண்டாள். சள்ளென்று விழும் வழக்கமும் புதிதாக வந்து சேர்ந்தது.

அவள் கணவர் சபாபதிக்கு ரயில்வே பார்சல் ஆபீசில் கிளார்க் வேலை. அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். அவருக்கு ஒரே ஒரு கிறுக்கு உண்டு. யுத்த காலத்து ஜீப், டாங்கி, ஆம்புலன்ஸ் இவற்றைப் பிளாஸ்டிக்கில் உள்ளங்கை அளவுக்குச் செய்து வைப்பார். சுங்கை வாங் பிளாசாவில் அதற்கென்று ஒரு கடை. பெட்டிக்குள் எல்லாப் பாகங்களும் சட்டத்தில் பொருத்தின மாதிரி வரும். வெட்டி எடுத்து, தேய்த்து, படத்தாளைப் பார்த்துப் பசை வைத்து ஒட்டி, சாயம் பூச வேண்டும். பிரிக்பீல்ட்ஸிலேயே இருந்த ரயில்வே குவார்ட்டர்ஸ் வீட்டின் ஷோகேசில் மகள் வாங்கிய ஓட்டப்பந்தயக் கோப்பைகளுக்கு நடுவே இவர் வண்டிகள் முகாம் போட்டிருந்தன. கிட்டத்தில் போய்ப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் சபாபதியின் கட்டைவிரல் ரேகை பசையோடு பதிந்திருக்கும். தடித்த விரல். ஆனால் நுணுக்கமான வேலையெல்லாம் சீதாலெட்சுமியுடையது. தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் நம்பர் ஸ்டிக்கர்கள், டிரைவர் பொம்மையின் கண், மீசை எல்லாம் அவள் கைவேலை. அவர் வண்டி கட்டுவார், அவள் அதில் ஏறுகிற ஆளுக்கு முகம் கொடுப்பாள். பல வருஷமாக அப்படித்தான் நடந்துவந்தது.

அந்த மாசம் அவர் ஒரு பிரென் கேரியர் வாங்கி வந்தார். மேல்கூரை இல்லாத சின்னக் கவச வண்டி, இரண்டு பக்கமும் சங்கிலிப் பட்டையில் ஓடுவது. இந்த ஊருக்குள் ஜப்பான்காரன் வந்தபோது வெள்ளைக்காரன் பட்டாளம் வைத்திருந்தது. சபாபதி ஆசையாகப் பெட்டியைப் பிரித்துக் காட்டி, முதலில் ஆட்களைச் செய்துவிடலாமா, நீ முகம் வரைகிறாயா என்று கேட்டார். சீதாலெட்சுமிக்குத் தூரிகை பிடித்த கை எப்படி ஆடும் என்று கண்முன் தெரிந்தது.

"வயசாகுதே, இன்னும் என்ன சண்டை விளையாட்டு? எனக்கு வேற வேலை இல்லையா?" என்றாள்.

அவர் பெட்டியை மூடி அலமாரி மேலே வைத்துவிட்டு, வாசலுக்குப் போய் நின்றார். அதற்கப்புறம் அந்தப் பெட்டியைத் தொடவேயில்லை. அவள் சமையலறையில் நின்று, சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்க வழியில்லாமல், கழுவின தட்டையே திரும்பக் கழுவினாள்.

பட்டறையில் நிலைமை மோசமானது. மிஸஸ் லிம் ஒரு நாள் வந்து, இனிமேல் முன்பல் வேலை வேண்டாம், பிளாஸ்டர் அச்சு ஊற்றுவதை நீ பார், அங்கே ஆள் போதவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். முகத்தில் கோபமில்லை. ஆனாலும் சீதாலெட்சுமி, இன்றைக்குப் பிளாஸ்டர், நாளைக்கு வீடு என்று கணக்குப் போட்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் யாரும் இல்லை. சபாபதிக்கு அந்த வாரம் மதிய ஷிப்ட், வர நேரமாகும். அவள் நாற்காலி போட்டு ஏறி, அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கினாள். தனக்குள்ளே ஒரு பந்தயம் கட்டினாள். இந்த வண்டியை நான் ஒருத்தியாக ஒட்டி முடித்துவிட்டால் எனக்கு ஒன்றுமில்லை. முடியவில்லை என்றால், அம்மாவுக்கு வந்ததுதான்.

படத்தாளை மேசையில் விரித்தாள். எழுத்து ஜப்பான் பாஷையும் இங்கிலீஷுமாக இருந்தது, ஆனால் படம் தெளிவு. பல் செட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று சீக்கிரமே புரிந்துபோனது. வெட்டின இடத்தில் துருத்தி நிற்பதைத் தேய்க்க வேண்டும், பொருந்துகிறதா என்று பசை வைக்காமல் ஒரு தடவை பார்க்க வேண்டும், அவசரப்படக் கூடாது. வண்டியின் அடித்தளமும் பக்கச் சுவர்களும் பெரிய துண்டுகள், தொந்தரவில்லாமல் சேர்ந்தன. முழங்கையை மேசையில் ஊன்றி, மணிக்கட்டை அழுத்திப் பிடித்தால் நடுக்கம் கொஞ்சம் அடங்கியது. ஏழு மணிக்குள் எல்லாவற்றையும் பெட்டிக்குள் போட்டு, இருந்த இடத்தில் வைத்துவிட்டு, பசை நாற்றம் போக ஊதுபத்தி கொளுத்தி வைத்தாள்.

மறுநாளும் அப்படியே. அடுத்த நாள் சக்கரங்கள். சங்கிலிப் பட்டையின் இரு முனையையும் சூடு காட்டி உருக்கிச் சேர்க்க வேண்டும். அதற்குப் பட்டறையிலிருந்து மெழுகு வெட்டும் கத்தியை எடுத்து வந்தாள். அந்த வேலை அவ்வளவு சுத்தமாக வந்ததும் அவளுக்கு நெஞ்சில் நம்பிக்கை முளைத்தது. எனக்கு ஒன்றுமில்லை என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள்.

அதற்கு அடுத்த நாள் வந்தது துப்பாக்கி. வண்டியின் முன்பக்கம் பொருத்தும் பிரென் துப்பாக்கி, தீக்குச்சி நீளம்கூட இல்லை. அதன் பிடி தனி, அரிசி மணி அளவு. ட்வீசரில் எடுத்தாள், பசையில் தொட்டாள், கொண்டுபோனாள். கை ஆடியது. மூச்சைப் பிடித்தாள், இன்னும் ஆடியது. மணிக்கட்டை அழுத்தினாள். ட்வீசரின் முனைகள் ஒன்றோடொன்று மோத, பிடி தெறித்து எங்கோ போய் விழுந்தது.

அவள் தரையில் முட்டிபோட்டுத் தேடினாள். சிமெண்டுத் தரை சாம்பல் நிறம், அந்தத் துண்டும் கிட்டத்தட்ட அதே நிறம். டார்ச் லைட்டை எடுத்து வந்து மேசைக்கடியில் குனிந்து, அலமாரிக் காலடி, பாய்ச் சுருட்டு, செருப்பு என்று எல்லா இடமும் தடவினாள். கிடைக்கவில்லை. டார்ச் வெளிச்சமும் கையோடு சேர்ந்து சுவரில் நடுங்கியது. அதைப் பார்த்ததும் அவளால் தாங்க முடியவில்லை. மேசைக்கடியிலேயே உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

சபாபதி அந்த நேரத்தில்தான் உள்ளே வந்தார். கூட வேலை பார்ப்பவர் ஷிப்ட் மாற்றிக்கொண்டதால் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். மேசை மேல் பாதி முடிந்த வண்டி, மேசைக்குக் கீழே பெண்சாதி. அவர் காற்சட்டையில் மாட்டியிருந்த சைக்கிள் கிளிப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே குந்தி உட்கார்ந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"துப்பாக்கிப் பிடி தொலைஞ்சு போச்சுங்க."

"அதுக்கா அழுவுறே?"

அவள் இரண்டு கையையும் அவர் முன்னால் நீட்டினாள். "பாருங்க. அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்திருச்சு."

சபாபதி அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு அவற்றைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். வெளியே ரயில் யார்டில் ஒரு இன்ஜின் பெட்டிகளைத் தள்ளி மோதும் சத்தம் கேட்டது. அடுத்து அவர் சொன்னது அவள் எதிர்பார்த்ததே இல்லை.

"நான் வேற நெனச்சேன். எங்க அக்கா பூமணி இப்படித்தான் எளைச்சா. வயித்துல கட்டின்னு கண்டுபிடிச்சப்ப எல்லாம் முடிஞ்சு போச்சு. உன்னைக் கேக்கவே பயமா இருந்துச்சு. கேட்டா ஆமான்னு சொல்லிடுவியோன்னு."

இத்தனை வாரமாக அவரும் தூங்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. வேலைக்குப் போகும் வழியில் கோயிலில் இறங்கி நின்றுவிட்டுப் போனதையும் சொன்னார். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேரும் ஆளுக்கொரு பயத்தை வைத்துக்கொண்டு, ஒருவரையொருவர் பார்த்துச் சோறு தின்றிருக்கிறார்கள். சீதாலெட்சுமிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. சொன்னது நல்லதாகப் போயிற்று. மூச்சு விட நெஞ்சில் கொஞ்சம் இடம் கிடைத்தது.

மறுநாள் காலையில் சபாபதி லீவு போட்டுவிட்டு அவளை டாக்டர் கனகசபையிடம் அழைத்துப் போனார். பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் பிரிக்பீல்ட்ஸில் கிளினிக் வைத்திருந்த யாழ்ப்பாணத்துக்காரர். சீதாலெட்சுமி அம்மாவின் கதையிலிருந்து தொடங்கி எல்லாம் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு கையை மடியில் சும்மா போடச் சொன்னார். போட்டாள். சற்று நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கட அம்மாவுக்குக் கை எப்ப ஆடும்? வேலை செய்யேக்கையோ, சும்மா இருக்கேக்கையோ?"

அவள் யோசித்தாள். அம்மாவின் கை மடியில் சும்மா கிடக்கும்போதுதான் ஆடும். பெருவிரலும் ஆட்காட்டி விரலும் மாத்திரை உருட்டுகிற மாதிரி ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டே இருக்கும். அதைச் சொன்னாள்.

"இப்ப உங்கட கையைப் பாருங்கோ."

பார்த்தாள். மடியில் கிடந்த கை சாதுவாகக் கிடந்தது. இத்தனை நாளும் வேலை செய்கிற கையையே கவனித்தாளே தவிர, சும்மா இருக்கிற கையை அவள் பார்த்ததே இல்லை.

டாக்டர் இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்லி, விரல்மேல் ஒரு காகிதத்தைப் போட்டார். காகிதம் படபடவென்று அடித்தது. நாடி பார்த்தார். கழுத்தைத் தடவி எச்சில் விழுங்கச் சொன்னார். கண்ணிமையைப் பார்த்தார். பசி எப்படி, வேர்வை எப்படி என்று கேட்டார். பிறகு சபாபதியையும் உள்ளே கூப்பிட்டு, இது தாய்க்கு வந்த வியாதி மாதிரித் தெரியவில்லை, கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி அளவுக்கு மேலே வேலை செய்கிறது என்று நினைக்கிறேன், ரத்தத்தைச் சோதித்தால் தெரிந்துவிடும் என்றார். படபடப்பு அடங்க ஒரு சின்ன மாத்திரையும் கொடுத்தார்.

"பயப்பிடாதைங்கோ. நான் நினைக்கிறது சரியெண்டால் இது மருந்துக்குக் கட்டுப்படுற சாமான்."

ரத்தப் பரிசோதனை முடிவு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. டாக்டர் சொன்ன 'சரியெண்டால்' என்ற அந்த ஒரு சொல்லையே அவள் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த நாட்களைக் கடத்த அவர்களுக்குக் கிடைத்தது அந்த வண்டிதான். சபாபதி துப்பாக்கிப் பிடியை அலமாரிக்குப் பின்னால், சுவருக்கும் பலகைக்கும் நடுவே கண்டெடுத்திருந்தார். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் இருவரும் மேசைக்கு ஒரே பக்கமாக உட்கார்ந்தார்கள். அவர் வண்டியை அசையாமல் பிடித்துக்கொள்வார். அவள் மணிக்கட்டை அவர் முன்கையில் சாய்த்து வைத்து ஒட்டுவாள். அந்தச் சாய்மானத்தில் கை ஓரளவு நிலைகொண்டது. துப்பாக்கிப் பிடி நான்கைந்து முயற்சிக்குப் பிறகு உட்கார்ந்தது. சற்றுக் கோணல்தான். பரவாயில்லை, சண்டையில் அடிபட்டது என்று சொல்லிவிடலாம் என்றார் அவர்.

கை வேலையில் இருந்ததால் வாய் தானாகத் திறந்தது. சபாபதி சிறுபிள்ளையாகக் கிள்ளான் ஸ்டேஷன் வேலியோரம் நின்று, தட்டைப் பெட்டி ரயிலில் நிஜமான கேரியர்கள் வரிசையாகக் கட்டிப்போட்டுப் போவதைப் பார்த்ததைச் சொன்னார். ஒரு சிப்பாய் கையசைத்தானாம். சீதாலெட்சுமி அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டினதைச் சொன்னாள். அம்மா கண்ணை மூடிக்கொள்வதையும் விடாமல் முழுசாகச் சொல்லி முடித்தாள். அவர் வண்டியைக் கீழே வைக்கவில்லை. வேலை நின்றால் அவள் பேச்சும் நின்றுவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மாத்திரை போட ஆரம்பித்துச் சில நாளில் நெஞ்சுப் படபடப்பு குறைந்தது. கையும் குறைந்த மாதிரி இருந்தது. ஆனால் அவள் அதை நம்பத் துணியவில்லை. கண்ணு பட்டுவிடும் என்று அவரிடமும் சொல்லவில்லை.

முடிவு வந்த அன்று கிளினிக்கில் நல்ல கூட்டம். டாக்டர் கனகசபை தாளைப் பார்த்து, தலையை ஆட்டி, "நான் சொன்னதுதான். தைராய்டு" என்றார். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட வேண்டும், மாசா மாசம் ரத்தம் பார்க்க வேண்டும், சீக்கிரம் உடம்பு தேறும் என்று சொன்னார். அம்மாவின் வியாதி இல்லையே என்று அவள் திரும்பவும் கேட்டாள். இல்லை என்றார். சபாபதியும் ஒரு தடவை கேட்டார். டாக்டர் அவரிடமும் இல்லை என்றே சொன்னார். வெளியே காத்திருந்தவர்களை நினைத்தோ என்னவோ, எழுந்து நின்று கதவைத் தானே திறந்துவிட்டார்.

தெருவில் வெயில் கொளுத்தியது. மினி பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு அவர்களை உரசுவதுபோல் போனது. சபாபதி பக்கத்து வாழை இலைக் கடைக்குள் அவளை அழைத்துப் போய் உட்காரவைத்தார். இலை போட்டு, சோறு வந்து, மீன் குழம்பு வந்தது. அவள் சாப்பிட்டாள். ஆடுகிற கையாலேயே, யார் பார்த்தால் என்ன என்று, பருக்கை சிந்தச் சிந்தச் சாப்பிட்டாள். இரண்டாவது தடவை சோறு கேட்டபோது பரிமாறுகிற பெண் சிரித்தாள். எதிரே சபாபதி தன் இலையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, போட்டு, திரும்பவும் கழற்றித் துடைத்தார்.

"சாப்பிடுங்க, ஆறிப்போவுது."

"சாப்பிடுறேன் லா. நீ சாப்பிடு" என்றார்.

மறுநாள் பட்டறையில் அவள் மிஸஸ் லிம்மிடம் தானே போய்ச் சொன்னாள். அந்தம்மா கேட்டுவிட்டுச் சட்டென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உன் கை ஆடுவதை நான் முதல் வாரமே பார்த்துவிட்டேன், மற்றவர்கள் பார்த்துப் பேசக் கூடாது என்றுதான் பிளாஸ்டருக்கு மாற்றினேன், நீயாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன் என்றார். குணமானதும் உன் மேசைக்குத் திரும்பி வா, முன்பல் வேலையெல்லாம் இங்கே நாறுகிறது என்று மலாயில் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். தன்னைத் துரத்தப் பார்க்கிறார் என்று நினைத்து ராத்திரியெல்லாம் புரண்ட சீதாலெட்சுமி, எதற்கெல்லாம் தூக்கத்தைத் தொலைத்தோம் என்று வெட்கப்பட்டாள்.

பிரென் கேரியருக்குச் சாயம் பூசினது அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை. பாலைவன மஞ்சள் வேண்டாம், நம் ஊர்க் காட்டுப் பச்சை போடலாம் என்று இருவரும் பேசி முடிவு செய்தார்கள். பச்சை காய்வதற்குள் சபாபதி தொட்டுப் பார்த்துவிட்டார். பக்கச் சுவரில் அவர் கட்டைவிரல் அச்சு அழகாக விழுந்தது. அவள் திட்டவில்லை.

சித்திரை வந்தபோது அவள் எடை ஏறியிருந்தது, ரவிக்கைகள் திரும்பப் பொருந்தின. கை முழுசாக அடங்க இன்னும் கொஞ்ச நாள் ஆனது. அடங்கின பிறகும் சில நாள் காலையில் எழுந்ததும் கையை நீட்டிப் பார்ப்பாள். பிறகு அந்தப் பழக்கமும் எப்போது விட்டதென்று தெரியாமல் விட்டுப்போனது.

ஒரு சனிக்கிழமை இருவரும் சுங்கை வாங் பிளாசாவுக்குப் போனார்கள். சபாபதி ஜீப் பெட்டிகள் இருக்கும் பக்கம் போய்விட்டார். சீதாலெட்சுமி தனியாக மேல் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைக்காரச் சீனர் வந்து, மகனுக்கா, எத்தனை வயது, சுலபமானதாகக் காட்டட்டுமா ஆன்டி என்று இங்கிலீஷில் கேட்டார். மகனெல்லாம் இல்லை, எனக்குத்தான் என்றாள் அவள். நிறைய ஆட்கள் இருக்கிறதாகக் காட்டுங்கள் என்றும் சொன்னாள். அவர் ஏணி போட்டு ஏறி, தூசி தட்டி, ஒரு ஆம்புலன்ஸ் லாரியை இறக்கினார். டிரைவர், நர்ஸ், ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவர்கள் என்று ஒரு பட்டாளமே அதில் இருந்தது.

திரும்பி வரும்போது மினி பஸ்ஸில் இடம் கிடைத்தது. அவள் பொறுக்கமாட்டாமல் பெட்டியைத் திறந்து படத்தாளை மடியில் விரித்தாள். சபாபதி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். நர்ஸுக்கு என்ன நிறத்தில் தொப்பி என்று இருவருக்கும் வாக்குவாதம் வந்தது. அந்த வாக்குவாதத்தில் பிரிக்பீல்ட்ஸ் தாண்டிப்போனது தெரியவில்லை. அதற்கடுத்த பங்சார் பக்கம் இறங்கி, இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேரலாம் என்று, பெட்டியை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தார்கள்.